தனி மின் வண்டியும் கலப்பு வண்டியும்: எதனைத் தேர்வது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்றைய கூட்டத்தில் எமக்கு அளிக்கப்பட்ட பொருள் மோட்டார் வண்டியைப் பற்றியது. இலக்கணம் பயிற்றும் ஒருவர்க்கும் மோட்டார் வண்டிக்கும் இயைபு யாது என்று சிலர் ஐயுறலாம். இயைபு உண்டு. ஒரு பொருளின் இலக்கணத்தை வரையறுத்தல், அதன் வகைகளைப் பிரித்துக் காட்டல், எதிர்ப்பக்கத்தார் கூறும் தடையை ஒளியாமல் எடுத்துரைத்தல், அதன்பின் விடை காணல் என்னும் முறை நூல்களுக்கு மட்டும் உரியதன்று. சந்தையிற் பொருள் கொள்வார்க்கும் அதுவே முறையாகும். அம்முறை பற்றியே யாம் இங்குப் பேசத் துணிந்தோம்.

நம் சங்கத்தாருட் பலர் தம் மக்களைப் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியிருத்தியுள்ளனர். ஊரிலிருப்போரும் வண்டி வாங்கும் நிலையில் உளர். வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் செய்யும் பெருஞ்செலவு வண்டியே. ஐந்தாண்டு, ஏழாண்டு என்று கடன் எழுதிக் கொடுத்து அதனை வாங்குகின்றோம். ஒரு மாலைப்பொழுதில் விற்பனையாளர் கூறும் இனிய சொல்லுக்கு மயங்கிக் கையெழுத்திட்டால், அதன் பயனை ஆண்டுக்கணக்கில் நுகர வேண்டும். ஆதலின் இதனை நிதானமாக ஆராய்தல் கடமையாகும்.

முதற்கண் இலக்கணம் கூறுவோம். எஸ்.யூ.வி. என்று உலகத்தார் வழங்குவது, தரையினின்று உயர்ந்து, உள்ளிடம் பரந்து, ஐவரோ எழுவரோ அமர்ந்து செல்லத்தக்க குடும்ப வண்டியாகும். அதனுள் நாம் ஆராய்வன இருவகை. ஒன்று, எஞ்சினே இன்றி, பாட்டரியிலுள்ள மின்சாரத்தால் மட்டும் இயங்குவது. அதனைத் தனி மின் வண்டி என்போம். மற்றொன்று, சிறியதொரு பாட்டரியும் மின்சார மோட்டாரும், அவற்றுடன் பெட்ரோல் எஞ்சினும் டாங்கியும் ஒருங்கே உடையது. அதன் பாட்டரிக்கு வீட்டு மின்முனையிற் கேபிளைச் செருகி மின்னேற்றலாம். இதனைப் பிளக்-இன் ஹைபிரிட் என்பர். நாம் சுருக்கமாகக் கலப்பு வண்டி என்று வழங்குவோம். கேபிள் செருக வேண்டாத சாதாரண ஹைபிரிட் வண்டி வேறு. அதன் ஆற்றல் முழுவதும் பெட்ரோலினின்றே பெறப்படுவது.

அளவையும் அறிந்து கொள்ளல் வேண்டும். பாட்டரியின் கொள்ளளவைக் கிலோவாட்-மணி என்று கூறுவர். அஃது அயலான சொல்லன்று. நம் மின்கட்டணச் சீட்டில் 'யூனிட்' என்று வருவதே அது. மிட்சுபிஷி கம்பெனியார் 2013-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளியிட்ட அவுட்லாண்டர் என்னும் கலப்பு எஸ்.யூ.வி.யின் பாட்டரி 12 யூனிட் கொள்வது. டொயோட்டாவின் ராவ்-4 பிரைம் 2020-இல் வந்தபொழுது 18 யூனிட் அளவுடையதாய் இருந்தது. தனி மின் எஸ்.யூ.வி.க்களோ 50 யூனிட், 60 யூனிட், 80 யூனிட் என்று செல்கின்றன. கியா ஈ.வி.9 என்னும் பெருவண்டி ஏறக்குறைய 100 யூனிட் கொள்ளும். இவ்வேற்றுமையே பின்னர் வரும் எல்லா வாதங்களுக்கும் வேர்.

நன்னூலில் மொழி மூவகை என்று மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம்: ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி. 'வேங்கை' என்பது ஒன்றாய் நிற்பின் ஒரு மரத்தையோ புலியையோ குறிக்கும். 'வேம் கை' என்று பிரிந்து நிற்பின் வேகின்ற கை என்று பொருள்படும். எவ்வாறு கொள்வது என்பது சொல்லுவோன் கருத்தையும் இடத்தையும் பொறுத்தது. கலப்பு வண்டியும் ஒரு பொதுமொழி போல்வதே. நாள்தோறும் மின்னேற்றுவோன் கையில் அது மின் வண்டி. கேபிளைத் தொடாதவன் கையில் அது கனமான பெட்ரோல் வண்டி. தனி மின் வண்டிக்கு இவ்விருபொருள் இல்லை. அஃது எவர் கையிலும் மின் வண்டியே.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1899-ஆம் ஆண்டிலேயே ஜெனட்ஸி என்னும் பெல்ஜியர் பாரிஸ் நகரையடுத்து மின்சார வண்டி ஒன்றை ஓட்டி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்தார். 1900-ஆம் ஆண்டையொட்டி வியன்னாவில் லோனர் கம்பெனியில் பணியாற்றிய பெர்டினாண்ட் போர்ஷே என்பார் மின்சாரமும் பெட்ரோலும் இணைந்த கலப்பு வண்டியைச் சமைத்தார். அக்காலத்துப் பெட்ரோல் வண்டியைக் கைப்பிடியாற் சுழற்றியே கிளப்ப வேண்டும். அதில் இடர் மிகுதி. 1912-இல் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சாரக் கிளப்பி காடிலாக் வண்டியில் இடம்பெற்றது. அதனாற் பெட்ரோல் வண்டியின் பெருங்குறை நீங்கிற்று. மின் வண்டியின் பெருஞ்சிறப்பும் நீங்கிற்று. மின்சாரமே மின் வண்டியை வீழ்த்தியது விந்தையன்றோ!

அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பாட்டரியின் கனமும் விலையும் தடையாக நின்றன. லிதியம் பாட்டரி அத்தடையைத் தளர்த்தியது. அதனைக் கண்ட குடெனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ என்னும் மூவர்க்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. சீனத்து பி.ஒய்.டி. கம்பெனியார் 2008 டிசம்பரில் கலப்பு வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 2010 டிசம்பரில் அமெரிக்காவில் ஷெவ்ரலே வோல்ட் என்னும் கலப்பு வண்டியும், நிஸ்ஸான் லீஃப் என்னும் தனி மின் வண்டியும் ஒரே மாதத்தில் வந்தன. அன்று ஒரு யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் ஆன பாட்டரி விலை, 2024-இல் சராசரி 115 டாலருக்கு இறங்கியது. 2023-இல் உலகில் மிகுதியாக விற்ற கார், டெஸ்லாவின் மாடல் ஒய் என்னும் தனி மின் எஸ்.யூ.வி.யே.

வரலாறு நிற்க. இனித் தனி மின் வண்டியின் குணங்களைக் காண்போம். பெட்ரோல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் ஆற்றலிற் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகின்றது. நான்கில் ஒரு பங்கை ஒட்டியதே சக்கரத்தைச் சேரும். மின்சார மோட்டாரிலோ பெரும்பகுதி சக்கரத்தைச் சேரும். வேகத்தைத் தணிக்கும்பொழுது மோட்டாரே மின்னாக்கியாக மாறிச் சிறிது மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பித் தரும். எஞ்சின் எண்ணெய் மாற்றல், புகைக்குழாய், கிளட்ச் என்னும் செலவுகள் இல்லை. ஓசை இல்லை. தெருவில் புகை இல்லை. பள்ளி விடும் நேரத்தில் வாயிலில் வரிசையாக நின்று புகை கக்கும் வண்டிகளை நாள்தோறும் காண்பவராகிய எமக்கு இது சிறிய குணமாகத் தோன்றவில்லை. அப்புகை சிறுவர் மூக்கின் உயரத்திலன்றோ வெளிப்படுகின்றது!

குற்றங்களையும் மறைத்தல் கூடாது. 60 யூனிட் பாட்டரியைச் சாதாரண வீட்டு மின்முனையில் மின்னேற்றினால் முழுதும் நிறைய ஒருநாள் கடந்துவிடும். சுவரிற் பொருத்தும் 7 கிலோவாட் கருவி இருப்பின் ஓரிரவிற் நிறையும். வழியிலுள்ள விரைவு நிலையங்களில் மின்னேற்றம் மிக விரைவு. ஹியுண்டாய் அயோனிக்-5 போன்றவை தக்க நிலையத்தில் 10 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை 18 நிமிடத்தில் ஏறும் என்று அதனைச் செய்தோர் கூறுவர். ஆயின் 80-க்கு மேல் வேகம் தணியும். பந்தியில் முதலில் வருவோர் விரைந்து அமர்வர். கடைசி நால்வர்க்கு இடம் தேடவே நேரமாகும். பாட்டரியினுள்ளும் அவ்வாறே. குளிர்நாட்டில் மாரிக்காலத்து ஓடும் தூரம் ஐந்தில் ஒரு பங்கோ அதனினும் மிகுதியோ குறைதல் இயல்பு. பின்னால் இழுவை வண்டி கட்டி நெடுந்தூரம் செல்வார்க்கு அது மேலும் பெரிதும் குறையும்.

இனிக் கலப்பு வண்டி. அதன் குணம் வெளிப்படை. அன்றாடப் போக்குவரத்து மின்சாரத்தில், நெடும்பயணம் பெட்ரோலில், வழியிற் பாட்டரி தீர்ந்தது என்ற அச்சம் இல்லை. பாட்டரி சிறிதாகலின் சாதாரண மின்முனையிலேயே இரவில் நிறைந்துவிடும், தனிக்கருவி வேண்டியதில்லை. மின்னேற்று நிலையம் அரிதாகிய நாட்டுப்புறத்தில் இருப்பார்க்கும், பாரம் இழுத்துச் செல்வார்க்கும் இது பேருதவி. அவுட்லாண்டர் போன்றவற்றில் வீட்டுக் கருவிகளை இயக்கும் மின்முனையும் உண்டு.

குற்றம் யாதெனின், ஒரே வண்டியில் இரண்டு இயந்திரத் தொகுதிகளைச் சுமந்து திரிதல். மின்சாரத்தில் ஓடும்பொழுது எஞ்சின் சுமை. பெட்ரோலில் ஓடும்பொழுது பாட்டரி சுமை. எஞ்சினுக்குரிய பராமரிப்புச் செலவு போவதில்லை. நெடுநாள் பெட்ரோல் செலவாகாது கிடந்தால் அதுவும் பழுதாகும். அதனாலேயே வோல்ட் வண்டியில், ஓராண்டு பழமையடைந்த பெட்ரோலை எஞ்சின் தானே ஓடி எரித்துவிடும்படி அமைத்தனர். கலப்பு வண்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு விரைவு நிலைய மின்னேற்றமும் இல்லை.

இன்னொரு நுட்பம் உண்டு. பலர் இதனைக் கருதுவதில்லை. கணக்கின் பொருட்டு ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டில் 300 நாள் செல்கின்றது என்று கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் வீதம் நாளொன்றுக்கு 8 யூனிட். ஆண்டுக்கு 2,400 யூனிட். 60 யூனிட் பாட்டரிக்கு இது 40 முழுச்சுற்று. 12 யூனிட் பாட்டரிக்கோ 200 முழுச்சுற்று. சிறிய மாடு நாள் முழுதும் முழுப் பாரம் இழுப்பது போலச் சிறிய பாட்டரி மிகுதியாக உழைக்கின்றது. ஆதலின் பழைய கலப்பு வண்டியை இரண்டாங்கையாக வாங்குவோர் பாட்டரியின் எஞ்சிய நலத்தைச் சோதித்தே வாங்குதல் வேண்டும்.

அதே கணக்கை மற்றொரு முறை பார்ப்போம். அக்குடும்பம் கலப்பு வண்டி வாங்கிக் கேபிளைச் செருகாமலே ஓட்டுகின்றது என்க. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் வீதம் அதே 12,000 கிலோமீட்டருக்கு 960 லிட்டர் பெட்ரோல் செலவாகும். செருகி ஓட்டினால் அதில் மிகப்பெரும்பகுதி மிச்சம். வண்டி ஒன்றே, விலை ஒன்றே, வேற்றுமை ஓட்டுவோன் பழக்கத்தில். கலப்பு வண்டியின் முழு நியாயமும் அக்கேபிளில் தொங்குகின்றது.

மனிதர் அதனைச் செருகுகின்றனரா? ஊகத்தாற் கூற வேண்டுவதில்லை. நாடுகள் இதனைச் சோதித்துப் பார்த்துவிட்டன.

நெதர்லாந்து நாட்டில் 2013-ஆம் ஆண்டு வரை கம்பெனிகளின் கலப்பு வண்டிகளுக்கு மிகப் பெரிய வரிச்சலுகை இருந்தது. அடுத்த ஆண்டு அது குறையும் என்றவுடன், ஆண்டிறுதியில் அவுட்லாண்டர் வண்டியைத் திரள்திரளாக வாங்கினர். வாங்கியோரிற் பலர் பெட்ரோல் செலவைத் தம் கம்பெனியிடம் பெறுவோர். வீட்டில் மின்னேற்றினாலோ தம் கைக்காசு செலவாகும். அவர் எதனைச் செய்திருப்பர் என்று நாம் சொல்ல வேண்டுமோ? பிரிட்டனிலும் இதே கதை. திரும்ப ஒப்படைக்கப்பட்ட கம்பெனி வண்டிகள் சிலவற்றில் மின்னேற்றும் கேபிள் உறை பிரிக்கப்படாமலே கிடந்ததாக 2018-இல் செய்தி வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே அந்நாட்டு அரசாங்கம் கலப்பு வண்டிக்கு அளித்த உதவித்தொகையை நிறுத்தியது.

2022-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சி ஒன்று, கலப்பு வண்டியைச் சொந்தமாக வைத்திருப்போர் ஓட்டும் தூரத்தில் 45 முதல் 49 விழுக்காடும், கம்பெனி வண்டி ஓட்டுவோர் 11 முதல் 15 விழுக்காடும் மட்டுமே மின்சாரத்தில் ஓட்டுகின்றனர் என்று கண்டது. 2024-இல் ஐரோப்பிய ஆணையம், வண்டிகளில் உள்ள அளவுகருவிகளே பதிந்த செய்தியைத் திரட்டி வெளியிட்டது. சோதனைச்சாலையில் கூறப்பட்ட கரியமில வாயுவைப்போல 3.5 மடங்கு வாயுவைக் கலப்பு வண்டிகள் சாலையில் வெளியிடுகின்றன என்பது அதன் முடிவு. சாதாரணப் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு இவ்வேறுபாடு ஐந்தில் ஒரு பங்கு அளவே. ஆதலின் 2025 முதல் புதிய மாதிரிகளுக்குச் சோதனைக் கணக்கையே ஐரோப்பியர் திருத்தியமைத்தனர். விளம்பரத் தாளில் எழுதிய எண்ணுக்கும் சாலையில் நிகழும் உண்மைக்கும் உள்ள தூரத்தை இதனால் அறியலாம்.

ஈண்டு ஒரு தடை எழலாம். "ஐரோப்பாவை மட்டும் கூறுகின்றீர், சீனத்தில் கலப்பு வண்டி ஓங்குகின்றதே?" என்பது அது. உண்மை. 2024-ஆம் ஆண்டில் சீனத்தில் ஏறக்குறைய 77 லட்சம் தனி மின் வண்டிகள் விற்க, கலப்பு வண்டிகள் 51 லட்சம் விற்றன. பி.ஒய்.டி. கம்பெனியார் 2022 மார்ச்சு மாதத்தில் வெறும் பெட்ரோல் வண்டி செய்வதையே விட்டுவிட்டு இவ்விருவகையும் செய்கின்றனர். ஆயின் அந்நாட்டுப் புதிய கலப்பு வண்டிகள் பலவற்றின் பாட்டரி முன்னையவற்றினும் பெரியது; எஞ்சின் பெரும்பாலும் மின்னாக்கியை இயக்கவே பயன்படுவது. அஃதாவது, கலப்பு வண்டி வளர வளரத் தனி மின் வண்டியை நோக்கியே நடக்கின்றது.

மற்றொரு தடை. "ஒரு நெடுந்தூர மின் வண்டிக்கு வேண்டிய அருங்கனிமங்களைக் கொண்டு ஆறு செருகுகலப்பு வண்டிகளையோ, 90 சாதாரண ஹைபிரிட் வண்டிகளையோ செய்யலாமே" என்பது 2023-இல் டொயோட்டா கம்பெனியார் முன்வைத்த வாதம். இது புறக்கணிக்கத்தக்கதன்று. நாளும் 40 கிலோமீட்டர் செல்வார் 400 கிலோமீட்டருக்குரிய பாட்டரியைச் சுமந்து திரிவது மிகையே. ஆயின் அவ்வாதம் அந்த ஆறு வண்டிகளும் தவறாது மின்னேற்றப்படும் என்னும் உறுதியின் மேல் நிற்பது. மேற்கண்ட எண்கள் அவ்வுறுதியைத் தரவில்லை. மேலும், மிகைச்சுமைக்கு மருந்து பெரிய பாட்டரியை வாங்காமை. எஞ்சின் ஒன்றைக் கூட வாங்குதல் அன்று.

மூன்றாவது தடை நம் நாட்டார் வழக்கமாகக் கூறுவது. "மின்சாரமே நிலக்கரியிற் பிறப்பது, பின் மின் வண்டியாற் பயன் யாது?" என்பர். 2021-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, நடுத்தரக் கார்களின் ஆக்கம் முதல் அழிவு வரை கணக்கிட்டது. பெட்ரோல் வண்டியை நோக்கத் தனி மின் வண்டியின் வாயு வெளியீடு ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடும், இந்தியாவில் 19 முதல் 34 விழுக்காடும் குறைவு என்றும், ஐரோப்பாவிற் கலப்பு வண்டியின் குறைவு 25 முதல் 27 விழுக்காடு மட்டுமே என்றும் அது கண்டது. நம் நாட்டில் நன்மை சிறிதே; ஆயினும் நன்மையே. காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகுந்தோறும், முன்னரே வாங்கிய மின் வண்டியும் தானே தூயதாகும். எஞ்சினுக்கு அப்பேறு இல்லை.

நார்வே நாட்டை இறுதிச் சான்றாகக் காட்டுவோம். குளிர் மிக்க நாடு, மலைநாடு, ஊர்கள் தொலைவில் உள்ளவை. மின் வண்டிக்கு ஒவ்வாதன என்று நாம் எண்ணுவன யாவும் அங்கு உள. ஆயினும் 2024-இல் அங்கு விற்ற புதிய கார்களில் 88.9 விழுக்காடு தனி மின் வண்டிகள். காரணம் மாயம் அன்று. வரிவிலக்கு நெடுங்காலம் நிலையாக இருந்தது. சாலைதோறும் விரைவு நிலையங்கள் எழுந்தன. வீட்டில் மின்னேற்றும் வசதி பெரும்பாலார்க்கு வாய்த்தது. வண்டி மட்டும் வந்தாற் போதாது. வழியும் வரவேண்டும் என்பது இதன் படிப்பினை.

இத்துணையும் கேட்டவர், "முடிவாக எதனை வாங்குவது?" என்பர். எல்லார்க்கும் ஒரே விடை கூறுதல் பொருந்தாது. ஒவ்வொரு குடும்பமும் தன்னைத்தானே நான்கு வினாக்கள் வினவுதல் வேண்டும்.

ஒன்று: இரவில் நம் வண்டி நிற்குமிடத்தில் நமக்குரிய மின்முனை உண்டா? இஃது எல்லாவற்றினும் முதன்மையானது. வாடகை வீட்டின் மாடியில் குடியிருந்து தெருவில் வண்டி நிறுத்துவோர், வீட்டுக்காரரிடம் எழுத்து மூலம் இசைவு பெற்ற பின்னரே மேலே செல்லுக.

இரண்டு: நாள்தோறும் செல்லும் தூரம் எவ்வளவு? ஊகத்தாற் கூறாது, இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வைத்துப் பார்க்க. பலர் தாம் எண்ணியதினும் மிகக் குறைந்த தூரமே செல்வதைக் கண்டு வியப்பர்.

மூன்று: ஆண்டில் நெடும்பயணம் எத்தனை? எவ்வழியில்? அவ்வழியில் விரைவு நிலையங்கள் உளவா? ஆண்டுக்கு இருமுறை செல்லும் யாத்திரைக்காக ஆண்டு முழுதும் எஞ்சின் ஒன்றைச் சுமப்பது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தினர்க்காக ஒரு மாளிகையையே வாடகைக்குப் பிடிப்பது போலாம்.

நான்கு: நாள்தோறும் கேபிளைச் செருகுபவர் வீட்டில் யார்? இவ்வினா நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். கலப்பு வண்டியின் வாழ்வும் தாழ்வும் இவ்வொன்றிலேயே உள்ளன என்பதை மேலே கண்டோம்.

இவற்றின் விடைகளைக் கொண்டு முடிவு கூறுவோம். மின்முனை உண்டு, அன்றாடத் தூரம் அளவானது, நெடும்பயணம் அரிது அல்லது வழியில் நிலையங்கள் உள்ளன என்பார்க்குத் தனி மின் வண்டியே தக்கது. மின்முனை உண்டு, நாளும் செருகும் பழக்கம் உறுதி, ஆயின் நிலையங்கள் இல்லாத வழியில் அடிக்கடி செல்ல வேண்டும் அல்லது பாரம் இழுக்க வேண்டும் என்பார்க்குக் கலப்பு வண்டி பொருந்தும். ஆஸ்திரேலிய உள்நாட்டுப் புறங்களில் வாழ்வோர் பலர் இவ்வகையினர். வீட்டில் இரண்டு வண்டி உடையார் ஒன்றைத் தனி மின் வண்டியாகக் கொள்வதில் அச்சத்திற்கு இடமே இல்லை. மின்முனையே இல்லாதார் கலப்பு வண்டியை வாங்குவது மிகத் தவறு. அவர் பயன்படுத்தவியலாத பாட்டரிக்கும் விலை கொடுக்கின்றனர். அன்னார்க்குச் சாதாரண ஹைபிரிட்டே நன்று. அல்லது, கையிலுள்ள வண்டியையே இன்னும் சில ஆண்டு ஓட்டுதல் அதனினும் நன்று.

நம் நாட்டு நிலையைச் சிறிது கூறி முடிப்போம். 2025 வரை இந்தியாவில் விற்ற கலப்பு எஸ்.யூ.வி.க்கள் பெரும்பாலும் அயல்நாட்டுப் பெருவிலை வண்டிகளே. வரியும் அவ்வாறே வேறுபடுகின்றது: 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த திட்டப்படி மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, பெரிய கலப்பு வண்டிக்கு 40 விழுக்காடு. தனி மின் எஸ்.யூ.வி.யோ நம் மண்ணிலேயே உருவாகின்றது. 2025 ஜனவரியில் வெளிவந்த ஹியுண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த ஆலையிற் செய்யப்படுவது. 42 யூனிட், 51.4 யூனிட் என்னும் இரு பாட்டரிகளில் வருவது. மகிந்திரா கம்பெனியின் மின் எஸ்.யூ.வி.க்களை வடிவமைப்பதிற் செங்கற்பட்டை அடுத்த அதன் ஆராய்ச்சி நிலையத்திற்குப் பெரும்பங்கு உண்டு. தூத்துக்குடியில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் ஆலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. நம் இளைஞர் இவ்வண்டிகளை வாங்குவோராக மட்டுமன்றி, பாட்டரியும் மோட்டாரும் பழுது பார்க்கும் தொழிலைக் கற்றோராகவும் விளங்குதல் வேண்டும் என்பது எம் பெருவிருப்பம். எஞ்சின் பழுது பார்த்து வாழும் குடும்பங்களுக்கு இது பிழைப்பைப் பற்றிய செய்தியுமாகும்.

இங்கு வாங்குவோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். நம் வீட்டு மின்கட்டணம் யூனிட் மிகுந்தோறும் ஏறுமுறையாக உயர்வது. மாதம் 200 யூனிட் கூடினால் சீட்டு எவ்வளவு வரும் என்று முன்னரே கணக்கிடுக. அடுத்து, பாட்டரிக்குப் பெரும்பாலும் எட்டாண்டு உத்தரவாதம் அளிப்பர். எவ்வளவு கொள்ளளவு குறைந்தால் மாற்றித் தருவர் என்பதை எழுத்திலேயே பார்த்துக் கொள்க. வாய்ச்சொல் கடனைத் தீர்க்காது.

அன்பர்களே! ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்பது நம் பழமொழி. சேற்றைக் கடந்தே ஆற்றை அடைய வேண்டியவர்க்கு அந்நிலை ஒரு பொழுது வேண்டுவதே. அவரை இகழ வேண்டா. ஆயின் அங்கேயே நின்றுவிடுவோர், ஆற்றில் நீராடினோம் என்று தமக்குத்தாமே சொல்லிக் கொள்ளல் ஆகாது. கலப்பு வண்டியைக் கொள்வோர் நாளும் செருகுக. செருக இயலாதார் அதனைக் கொள்ளாது விடுக. வசதி வாய்த்தார் துணிந்து தனி மின் வண்டியைக் கொள்க. இவ்வளவே யாம் கண்ட முடிபு.

இதனை வீட்டிற் சென்று பெண்மக்களோடும் பிள்ளைகளோடும் கலந்து பேசி, அந்நான்கு வினாக்களுக்கும் ஒரு தாளில் விடை எழுதிய பின்னரே கடைவாயிலை மிதிப்பீர்களாக.